கரிசலில் செத்த சிப்பிகள்

அந்தக் கோடை முழுவதும் எனக்குக் கொல்வதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம். காலையில் கோவில்பட்டி வீட்டில் மாமியார் கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவேன். எட்டயபுரம் ரோட்டை விட்டு இறங்கி மண்பாதையில் போனால், பருத்திக் காடுகளுக்கு நடுவே மூடிக் கிடந்த ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் வரும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சி அடுக்கிய கூடத்தில் இப்போது பைபர் தொட்டிகள். தொட்டிகளில் கடல் தண்ணீர். அதற்குள் சிப்பிகள். நான் அவற்றுக்கு நோய் கொடுப்பேன். அவை சாகும். செத்ததை அள்ளிப் போட்டுவிட்டு, சாகாததற்கு மறுபடியும் நோய் கொடுப்பேன்.

மாமியார் அக்கம்பக்கத்தில், "எங்க மருமக சிப்பிக்கு வைத்தியம் பாக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அந்தச் சோறும் வந்திருக்காது.

சிப்பி என்றால் முத்துச் சிப்பி இல்லை. சாப்பிடுகிற சிப்பி. வைப்பாறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், கழிமுகத்துத் தண்ணீரில் கம்பு நட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். அங்கே ஒரு ஊரில் பெண்கள் குழு ஒன்று அதைச் செய்துகொண்டிருந்தது. வெயில் ஏறி, தண்ணீர் சூடாகி, உப்பும் கூடும்போது ஒரு ஒட்டுண்ணி வந்து சிப்பியின் சதைக்குள் புகுந்து தின்னும். மனிதரை அது ஒன்றும் செய்யாது. சிப்பி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு சாகும். தொடர்ந்து இரண்டு கோடையில் கயிறு கயிறாகச் செத்தது. கடலுக்கு மருந்து ஊற்ற முடியாது. ஆட்டுக்கு ஊசி போடுகிற மாதிரி சிப்பிக்குப் போடவும் முடியாது. இருக்கிற வழி ஒன்றுதான். நோயை நாமே கொண்டுவந்து விட்டு, சாகிறதைச் சாகவிட்டு, தாக்குப்பிடித்த கொஞ்சத்திலிருந்து குஞ்சு எடுப்பது. அந்தக் குஞ்சு வளர்ந்ததும் அதையும் இதே மாதிரி அடிப்பது. கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். செய்வதற்கு அதைவிடக் கொடுமையாக இருக்கும்.

இதைக் கடற்கரையில் வைத்துச் செய்யக்கூடாது. நோய்த் தண்ணீர் ஒரு சொட்டு கழிமுகத்தில் விழுந்தாலும் நாமே விஷம் வைத்த கதையாகிவிடும். அதனால்தான் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத கரிசல் காட்டுக்கு வந்தோம். கோவில்பட்டி வெயில் தொட்டித் தண்ணீரைத் தானே சூடாக்கிக் கொடுத்தது. ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை என்று முதலாளி அண்ணாச்சிக்குச் சந்தோஷம். தீப்பெட்டி ஆபீஸ் அவருடையது. தொழிலை மூடிவிட்டு, கடற்கரையில் சிப்பிக்குஞ்சுப் பண்ணை வைக்கக் கிளம்பியவர். நான் அவரிடம் வேலைக்கு இருந்தேன். கடல் தண்ணீர் வேம்பார்ப் பக்கமிருந்து டேங்கர் லாரியில் வரும். பழைய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கொட்டி, எல்லாக் கிருமியையும் சாகடித்து, ஆபீஸுக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய குழியில் காயவிடுவோம். குழியைச் சுற்றி உப்புப் பூத்துக் கிடக்கும்.

நோய் கொடுப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். நோயில் செத்துக்கொண்டிருக்கும் சிப்பியைக் கத்தியால் திறந்து, சதையை வழித்து, மிக்ஸியில் போட்டு அரைத்து, மற்றவை கிடக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதற்கென்று தனி மிக்ஸிதான் வாங்கினோம். வீட்டு மிக்ஸியை நான் தொடவே இல்லை. ஆனாலும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் தேங்காய்ச் சட்னி பக்கமே திரும்பவில்லை.

கூடத்தின் இடப்பக்கத் தொட்டிகள் நோய் கொடுத்தவை. வலப்பக்கம் சில தொட்டிகளில் நோயே காட்டாத சிப்பிகளை வைத்திருந்தோம். அதே வெயில், அதே தண்ணீர், நோய் மட்டும் கிடையாது. இடப்பக்கம் சாவது நோயால்தானா வெயிலாலா என்பதை வலப்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனி வாளி, தனித்தனிச் செருப்பு. ஒருமுறை மின்சாரம் பார்க்க வந்தவர் இடப்பக்கத்தில் கை நனைத்துவிட்டு வலப்பக்கம் போகப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் ஆள் அதற்கப்புறம் வரவே இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த வேலைக்கு அது தேவையாகவும் இருந்தது.

இரண்டு பக்கத்துச் சிப்பியும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. அந்தப் பெண்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்த அக்கா. இரண்டு கோடைச் சாவுக்கும் பிறகு அவளுடைய கயிறுகளில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் மொத்தத்தையும் சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தாள். குழுவில் பாதிப் பேர் உப்பளத்துக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர், வருகிற பருவத்துக்குச் சாகாத குஞ்சு கொண்டுவருகிறேன் என்று அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அதுவும் இல்லையென்றால் கம்புகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிடுவோம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். அதனால் அக்காவுக்கு ஊரில் இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி கிளம்பும்போதெல்லாம் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வந்துவிடுவாள். தொட்டிக்குத் தொட்டி குனிந்து பார்ப்பாள். வாய் பிளந்த சிப்பியை எடுத்து விரலால் தட்டுவாள். மூடிக்கொள்ளாவிட்டால் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி வாளியில் எறிவாள். அவள் வாய்க்கு உப்பளத்து மேஸ்திரிகளே பயப்படுவார்கள்.

கோடை முடியப்போகும் சமயத்தில் இடப்பக்கத்தில் சாவு நின்றது. நோய் கொடுத்துப் பார்த்தேன். மறுபடியும் கொடுத்துப் பார்த்தேன். மிஞ்சிய கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. பார்க்க அழகில்லை. கோணல் மாணலாக, ஓடு தடித்து, சதை மெலிந்து இருந்தன. பருத்தி விதைக்குக் கொழுத்த காயாகப் பார்த்துப் பொறுக்கிய என் அப்பா இருந்திருந்தால் காலால் தள்ளியிருப்பார். எனக்கு அவற்றைப் பார்த்தால் பெருமையாக இருந்தது. தண்ணீரை ஒருமுறை மாற்றிவிட்டு, அவற்றிலிருந்து குஞ்சுக்கான கரு எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தோம். தொட்டித் தண்ணீர் செத்த சதையால் நாறிக்கொண்டிருந்தது. லாரி வந்தே ஆக வேண்டும்.

அன்று காலை அக்கா போனில் கூப்பிட்டாள். ரோட்டை மறித்துவிட்டார்கள், சீக்கிரம் வா என்றாள். பின்னால் ஒரே இரைச்சல். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் மண்பாதை ரோட்டில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஊர். அங்கே பல நாளாகக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. பெண்கள் காலிக் குடங்களை ரோட்டின் குறுக்கே வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஓரத்தில் வேப்ப மர நிழலில் நின்றார்கள். நடுவில் எங்கள் டேங்கர் நின்றது. அதன் முதுகில், நான் எழுதச் சொல்லி எழுதிய பெரிய எழுத்து: 'கடல் நீர். குடிக்க உதவாது.'

அந்த எழுத்துதான் எங்களுக்கு வினையானது. வெளியூர்க்காரர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள்தான் டேங்கரில் 'உப்புத் தண்ணீர்' என்று எழுதுவார்கள். வழியில் யாரும் மறித்துப் பிடுங்கக்கூடாது என்பதற்காகச் செய்கிற தந்திரம். போன கோடையில் இதே ஊர் வழியாக அப்படி ஒரு லாரி தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் அது பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து, மூடி திறந்து, ஓடையில் ஓடியது அத்தனையும் தாமிரபரணித் தண்ணீர். அதற்குப் பிறகு அந்த ஊரில் உப்புத் தண்ணீர் என்று எழுதிய லாரி எதைப் பார்த்தாலும் நல்ல தண்ணீர் என்றுதான் அர்த்தம். நாங்கள் எவ்வளவு பெரிதாக எழுதினோமோ, அவ்வளவு நல்ல தண்ணீராக அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் போனபோது டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயா, சத்தியமாகக் கடல் தண்ணீர்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பி வளர்க்கிறோம், அதற்குத்தான் இந்தத் தண்ணீர் என்றேன் நான். கூட்டம் சிரித்தது. மனுசனுக்கே இல்லையாம், சிப்பிக்கு லாரியில் வருதாம் என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அந்த நொடியில் எனக்குப் பயம் வந்தது.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் வேகமாகப் பின்பக்கம் போய் வால்வைத் திருகினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், எனக்கே குடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் தானும் குடிக்கவில்லை, குடத்திலும் பிடிக்கவில்லை. முதல் கைத் தண்ணீரை ஏந்திக் குழந்தையின் வாயில் விட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே ஓடினேன். குழந்தை மடக்கென்று விழுங்கிவிட்டது. முகம் கோணி, மூச்சு அடைத்து, அவள் மார்பிலேயே வாந்தி எடுத்தது.

குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்தாள். காலடியில் அவளுடைய எவர்சில்வர் குடம் இருந்தது. அதைத் தூக்கி டிரைவரின் மண்டையில் அடித்தாள். ஒரு அடி இல்லை. அவர் உட்கார்ந்த பிறகும் அடித்தாள். குடம் நசுங்கியது. மரத்தடியில் நின்ற ஆண்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி வந்து விழுந்தார்கள். புள்ளைக்கு விஷத்தைக் கொடுத்துட்டான், பட்டாசு ஆலைக் கழிவு, சாயத் தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்லி அடித்தார்கள். டிரைவரின் சட்டை கிழிந்து, பல் உடைந்து, வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. நான் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினார்.

அப்போதுதான் அக்கா லாரியிலிருந்து குதித்தாள். நேராக வால்வுக்குப் போனாள். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். மறுபடி ஏந்திக் குடித்தாள். முந்தானையெல்லாம் நனைந்து, கண்ணெல்லாம் சிவந்து, நிறுத்தாமல் குடித்தாள்.

"பாருங்க. விசமா இருந்தா நானும் சாவணும்லா. கடத் தண்ணி. நான் பொறந்த நாள்லேருந்து வாயில பட்ட தண்ணி. அந்த மனுசன விடுங்க."

சிலர் கையை இறக்கினார்கள். அந்த ஒரு நிமிடம் எல்லாம் அடங்கிவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் திறந்த வால்வை யாரும் மூடவில்லை. தண்ணீர் ரோட்டோரத்தைத் தாண்டி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் இறங்கிவிட்டது. கரிசல் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து கிடந்தது. கடல் முழுவதும் அந்த வெடிப்புகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. காட்டுக்குச் சொந்தக்காரர் பார்த்துவிட்டு, "என் மண்ணு போச்சே" என்று அலறினார். கரிசலில் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வால்வைத் திறந்தது யார் என்பது அதற்குள் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஒரு கல் வந்தது. அக்காவின் நெற்றியில் பட்டது. அவள் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே மண்டி போட்டாள். ரத்தமும் தண்ணீரும் மூக்கு வழியாக இறங்கியது.

என் ஸ்கூட்டர் டப்பாவில் சிப்பி திறக்கிற கத்தி இருந்தது. எடுத்தேன். யாரையாவது குத்துகிற எண்ணம் இருந்ததா என்று போலீஸ்காரர் பிறகு கேட்டார். இருந்தது. அவரிடம் இல்லை என்று சொன்னேன். அக்காவுக்கு முன்னால் நின்றுகொண்டு, கிட்டே வருகிறவன் வயிற்றைக் கிழித்துவிடுவேன் என்று கத்தினேன். நாகலாபுரத்தில் பிறந்த வாய், கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடத்தில் நான் அடக்கி வைத்திருந்த வாய், அன்று முழுவதுமாகத் திறந்துகொண்டது. ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். கத்தி என் உள்ளங்கையிலேயே குறுக்கே ஓடியது. வலிக்கவில்லை. சூடாக இருந்தது.

இவர்கள் இந்தத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் என்ன செய்கிறார்கள், வாங்கடா பார்ப்போம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கூட்டம் மண்பாதையில் திரும்பியது. பின்குழியில் பூத்திருந்த உப்பை முதலில் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கதவு எம்மாத்திரம். கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். நான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாற்றம் வெளியே அடித்துக்கொண்டிருந்தது. பிணம் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் கத்தினார். ஒரு கணக்கில் அது உண்மைதான்.

தொட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். நோய் கொடுத்தது, கொடுக்காதது, எல்லாம். காற்று பம்புகளைச் சுவரில் அடித்து உடைத்தார்கள். நாறிய தண்ணீர் முழங்கால் வரை தெறித்தது; அதை மிதித்தவர்கள் இன்னும் வெறி பிடித்து உடைத்தார்கள். சிப்பிகள் கூடம் முழுவதும் உருண்டன. செருப்புக் காலின் கீழ் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களுடைய தாகம் எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவள்தான். அதற்காக அவர்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். இன்றைக்கும் அந்த ஊர் வழியாகப் போகும்போது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் காட்டுக்குள் இறங்கிக் கலைந்துபோனார்கள். டிரைவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அக்காவையும் ஏறச் சொன்னார்கள். அவள் முந்தானையைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டு, போங்கய்யா வாரேன் என்றாள். போகவில்லை. கூடத்துக்குள் வந்து, மண்டி போட்டுக்கொண்டு சிப்பி பொறுக்க ஆரம்பித்தாள். நானும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் பிளந்ததை ஒதுக்கினோம். இறுக்கமாக மூடியிருந்ததை நனைத்த சாக்கில் போட்டோம். சிப்பி வாயை மூடிக்கொண்டால் தண்ணீர் இல்லாமல் ஒரு நாளாவது கிடக்கும். அந்த ஒரு நாள்தான் எங்கள் கையில் இருந்தது.

முதலாளி அண்ணாச்சி வந்தார். உடைந்த கதவையும் தொட்டிகளையும் பார்த்தார். அரை மணி நேரம் எங்கள் இரண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டினார். தீக்குச்சி அடுக்கிய காலத்தில்கூட இந்தக் கூடத்தில் தீப்பிடித்ததில்லை, நீங்கள் தண்ணீரை வைத்தே கொளுத்திவிட்டீர்கள் என்றார். திட்டி முடித்ததும் தன்னுடைய மினி லாரியில் இரண்டு சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றி, வேம்பாருக்கு அனுப்பினார். திரும்பி வரும்போது தொட்டி தெரியாமல் மேலே வைக்கோலைப் போட்டுக் கட்டச் சொன்னார். அன்று சாயங்காலம் கடல் தண்ணீர் மாட்டுத் தீவனம் மாதிரி வேடம் போட்டுக்கொண்டு கரிசல் காட்டுக்குள் வந்தது. யாரும் மறிக்கவில்லை.

உடையாத தொட்டிகளைக் கழுவி, பொறுக்கியதையெல்லாம் அதில் போட்டோம். அவை மெதுவாக ஓட்டைத் திறந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு முழுதாக உறைத்தது. அடையாளத்தைத் தொட்டிகளின் மேல்தான் எழுதியிருந்தோம். சிப்பி ஓட்டில் எழுதினால் பாசி ஏறி அழிந்துபோகும். இப்போது இடப்பக்கத்துச் சிப்பி எது, வலப்பக்கத்துச் சிப்பி எது? அத்தனை சாவுக்கும் தப்பி வந்தது எது, நோயையே பார்க்காதது எது? கோணலாக இருப்பதெல்லாம் தப்பியது என்று சொல்லிவிட முடியாது; வலப்பக்கத்திலும் கோணல் உண்டு. நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது.

அக்காவிடம் சொன்னேன். இரண்டு வழி இருக்கிறது என்றேன். ஒன்று, உயிரோடு இருக்கிற எல்லாவற்றிலிருந்தும் கரு எடுத்துவிடலாம். பருவத்துக்குக் குஞ்சு கிடைக்கும், குழு உடையாது. ஆனால் நோய் பார்க்காதவையும் அதில் கலந்திருப்பதால் அடுத்த கோடையிலும் கயிறு கயிறாகச் சாகலாம். இன்னொன்று, இருக்கிற எல்லாவற்றுக்கும் மறுபடியும் நோய் கொடுக்க வேண்டும். தப்பியவை மறுபடியும் தப்பும். மற்றவை சாகும். அடிபட்டு நொந்து கிடப்பதால் தப்பியவற்றிலும் கொஞ்சம் போய்விடும். எல்லாம் முடிவதற்குள் பருவம் கடந்துவிடும்.

"என் சிப்பியில கொஞ்சத்த நோய் காட்டாம நல்லா வச்சிருந்தியே, அதையும் சேத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பளாரென்று என் கன்னத்தில் அறைந்தாள். அவள் தலைக்கட்டுக்குள்ளிருந்து ரத்தம் மறுபடி கசிந்தது. அடித்தது சரி என்றுதான் எனக்கும் பட்டது. யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு; அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். அவள் போய்ப் புரண்டு கிடந்த தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் தரையில் நொறுங்கிக் கிடந்த ஓடுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளாகப் பேசட்டும் என்று நான் தண்ணீர் அளவைப் பார்க்கிற மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்தேன். குஞ்சு எடுத்துவிடு என்று அவள் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். அதுதான் அன்று எனக்குப் பெரிய பயம்.

"ஏட்டி, ரெண்டு கோடையா செத்ததை அந்தப் பொம்பளைங்களோட நின்னு அள்ளிக் கொட்டியிருக்கேன்" என்றாள். "மூணாவது தடவையும் அள்ளத்தான் வேணும்னா, இங்கன வச்சு அள்ளுதேன். நானும் நீயும் மட்டும் பாத்தா போதும். அங்கன அவிய முன்னால இனி ஒரு தடவ அள்ள மாட்டேன். எல்லாத்துக்கும் குடு."

மறுநாள் தலையில் தையல் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்க் குழுவிடம் இந்தப் பருவத்துக்குக் குஞ்சு இல்லை என்று சொன்னாள். அங்கே அவளுக்கு என்ன கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது ஒரு காதில் கம்மல் இல்லை. காது மடல் கிழிந்திருந்தது. நான் கேட்டதற்கு, வேலையைப் பாரு என்றாள். கம்புகள் பலவற்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டிரைவர் மூலம் பிறகு தெரிந்தது.

நாங்கள் கொன்றோம். நோய் கொடுத்த சில நாளிலேயே வாய் பிளக்கத் தொடங்கின. தினமும் காலையில் அக்கா தானே வாளியை எடுத்துக்கொண்டு அள்ளினாள். எந்தச் சிப்பி எந்தக் கயிற்றிலிருந்து வந்தது என்று சில சமயம் சொல்லிக்கொண்டே அள்ளுவாள். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருக்கும். என் கையில் தையல் ஆறிக்கொண்டிருந்ததால் கத்தி பிடிக்கிற வேலை, மிக்ஸியில் அரைக்கிற வேலை எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தது. ஒருநாள்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. மழைக்காலம் வந்து, ஊருக்கெல்லாம் குழாயில் தண்ணீர் வந்து, பருத்தி முளைத்து நின்றபோது எங்கள் தொட்டிகளில் ஒரு சிறு வாளிக்குள் அடங்குகிற அளவு சிப்பி உயிரோடு இருந்தது. கடல் தண்ணீர் இறங்கிய அந்தக் காட்டில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. காட்டுக்காரர் அண்ணாச்சியிடம் வந்து சண்டை போட்டார், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அதில் எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

சிப்பிகளைத் தேற்றி, தீனி கொடுத்துக் கொழுக்க வைத்தோம். சதை வெள்ளையாகத் திரண்டு, கரு எடுக்கிற பக்குவம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். குழுவில் அவளோடு மிஞ்சியிருந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்தாள். கரு எடுப்பது எப்படி என்பதை அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன். தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தால் சில சிப்பிகள் தானாகவே கருவை வெளியே விடும். எங்களுடையவை விடவில்லை. இரண்டு நாள் முயற்சி செய்து பார்த்தும் வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தன. கத்தியால் திறந்து, சதையைக் கீறித்தான் எடுக்க வேண்டும். கீறினால் தாய்ச்சிப்பி சாகும்.

கூட வந்த பெண்களில் ஒருத்தி, இத்தனைக்கும் தப்பினதை நாமளே கொல்லணுமா என்று அக்காவைக் கேட்டாள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சிப்பியை உள்ளங்கையில் வைத்து, பின்பக்க இடுக்கில் கத்தி முனையைக் குத்தித் திருகினாள். ஓடு உடைகிற சத்தம் கேட்டது. நான் காட்டிய இடத்தில் கீறி, வாளித் தண்ணீரில் பிழிந்தாள். பால் கலந்த மாதிரி தண்ணீர் வெளுத்தது. அதில் எத்தனை உயிர் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அவள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சாவாதுல்லட்டி?"

அவளிடம் அன்று பொய் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

"சாகும்க்கா. முன்ன செத்ததுக்குக் கம்மியாச் சாகும்."

மற்ற இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அக்கா ஓட்டைத் தரையில் போட்டுவிட்டு, அடுத்த சிப்பியை எடுத்துக் கத்தியைச் செருகினாள்.